பிளாங்க் செய்தால் முதுகில் ஏறிக்கொள்கிறார்கள்: பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் பயிற்சி உண்டா?

அரைத்தூக்கம் (கேள்வி)

என் வயது 36. மகனுக்கு நாலரை வயது, மகளுக்கு 20 மாதம். மகன் பிறப்பதற்கு முன்பு வாரத்தில் நான்கு நாள் ஓடிக்கொண்டிருந்தவள் நான். 5 கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். இப்போது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினால், மேலே போனதும் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு மூச்சு வாங்குவது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதே என்றுதான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி செய்து பார்த்தேன். இடி இடித்தாலும் எழாத பிள்ளைகள், நான் போர்வையை விலக்கும் சத்தத்தில் எழுந்துவிடுகிறார்கள். அதன் பிறகு தினமும் ஒரே கூத்துதான். பிளாங்க் செய்ய, அதாவது உடம்பைப் பலகைபோல் நேராக வைத்துக் கைகளை ஊன்றியதும், மகன் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டுகிறான். மகள் அடியில் புகுந்து, மல்லாந்து படுத்துக்கொண்டு என் மூக்கைப் பிடித்து இழுக்கிறாள். நான் மல்லாந்து படுத்தால் வயிற்றின்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். "ஐந்தே நிமிடம், அம்மாவை விடுங்கள்" என்று கெஞ்சுவதிலேயே பத்து நிமிடம் போய்விடுகிறது. போன வாரம் கத்திவிட்டேன். உடற்பயிற்சி மனத்துக்கு அமைதி தரும் என்று சொன்னவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து செய்வதாகச் சொல்லும் காணொளிகளையும் போட்டுப் பார்த்தேன். மகன் இரண்டு நிமிடம் கையை ஆட்டினான். மூன்றாவது நிமிடம், மண் அள்ளும் இயந்திரக் காணொளியைப் போடச் சொன்னான். பூங்காவுக்குப் போனால் அவர்கள் விளையாடுகிறார்கள், நான் காவல் நிற்கிறேன்.

"நாள் முழுக்கப் பிள்ளைகள் பின்னால்தானே ஓடுகிறாய், அதுவே பயிற்சிதான்" என்கிறார் கணவர். இல்லை. நாள் முழுக்க நான் குனிகிறேன், பொறுக்குகிறேன், காத்து நிற்கிறேன். இரவில் உடம்பு அலுத்துப்போகிறதே தவிர வலுவாவதில்லை.

அதனால் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும், எனக்கு உண்மையான பயிற்சியாகவும் இருக்கும் ஏதாவது உண்டா? கருவிகள் எதுவும் இல்லை. இருப்பது சிறிய கூடம். 20 மாதக் குழந்தையையும் நாலரை வயதுக்காரனையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். "கூடவே ஆடிப் பாடுங்கள்" என்பதற்கு மேல் யாராவது சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

---

இரட்டையர் அப்பா

ஆடிப் பாடச் சொல்லத்தான் வந்தேன், மன்னிக்கவும். ஆனால் ஒரு திருத்தத்தோடு.

பாட்டு ஓடும்போது ஆட்டம், நின்றதும் சிலை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் சிலைக்கு ஒரு விதி உண்டு. நான் மட்டும், இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடக்கிப் பாதி இறங்கி நிற்க வேண்டும். பாட்டை நிறுத்தும் பொறுப்பு என் மூன்று வயது மகளிடம். அவளுக்கு இரக்கம் என்பதே கிடையாது. ஒருமுறை பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். திரும்பி வரும்வரை நான் சிலை. அவள் தம்பி என் தொடை நடுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தான்.

---

ஓய்வுபெற்ற விசில்

அம்மா, உங்கள் பிளாங்க் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். உங்கள் பிள்ளைகள் சம்பளம் வாங்காமல் பயிற்சியாளர் வேலை பார்க்க வந்திருக்கிறார்கள். நீங்கள்தான் அவர்களை விரட்டியிருக்கிறீர்கள்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். இப்போது 64 வயது. ஐந்து, மூன்று, ஒன்றரை என்று மூன்று பேரப்பிள்ளைகள். முதல்முறை மூவரும் ஒன்றாக வந்து தங்கியபோது, பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வைத்தேன். "கைகள் பக்கவாட்டில்!" மூன்று வயதுக்காரன் என்னை நிதானமாகப் பார்த்தான். "தாத்தா, நீங்கள் செய்யுங்கள். நான் பார்க்கிறேன்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆட்டி வைத்தவனுக்கு அன்று கிடைத்த மரியாதை அவ்வளவுதான். விசிலைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினேன். அன்றிலிருந்து பயிற்சி ஒழுங்காக நடக்கிறது, எனக்கு.

குழந்தையை உங்கள் பயிற்சிக்குள் இழுக்காதீர்கள். அதன் ஆட்டத்துக்குள் நீங்கள் போய், உங்களுக்கு வேண்டிய பயிற்சியை அங்கிருந்து திருடிக்கொள்ளுங்கள். தண்டால், பஸ்கி, எண்ணிக்கை போன்ற சொற்கள் உங்கள் வாயில் வரவே கூடாது. எண்ண வேண்டுமானால் மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் பாலம். முதுகில் ஒருவன், அடியில் ஒருத்தி என்றால் மேலே சாலை, கீழே ஆறு. நீங்கள் கைகளை ஊன்றிப் பாலமாக நில்லுங்கள். கை ஓய்ந்தால் முழங்காலையும் ஊன்றிக்கொள்ளலாம், பாலம் பாலம்தான். சின்னவள் படகு, அடியில் தவழ்ந்து போவாள். பெரியவனை முதுகில் ஏற விடாதீர்கள், அந்த எடை இப்போது வேண்டாம். அவனிடம் ஐந்து பொம்மை வண்டிகளைக் கொடுங்கள். ஒவ்வொன்றாக உங்கள் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஓட்டிப் போக வேண்டும். ஐந்தும் போன பிறகுதான் பாலம் இடியலாம், அதற்கு முன் இடிந்தால் ஊருக்கே அவமானம். ஒரு வண்டிக்குப் பத்து விநாடி என்று வையுங்கள், 50 விநாடி ஆயிற்று. மேல்வகுப்பு மாணவர்களிடம் இந்த 50 விநாடியை வாங்க நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

இடிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சத்தமாக, மெதுவாக, ஒரு பக்கமாகச் சரிய வேண்டும். அடியில் படகு இல்லை என்று பார்த்துக்கொண்டு சரியுங்கள். இடிந்த பாலத்தைக் கண்டால் எந்தக் குழந்தையும் உடனே மறுபடியும் கட்டச் சொல்லும். மூன்று தடவை கட்டினால் உங்கள் வயிற்றுக்கும் தோளுக்கும் அன்றைய வேலை முடிந்தது.

இதன் மறுபக்கம் தூக்குப்பாலம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். கப்பல் வந்தால் இடுப்பை உயர்த்த வேண்டும், போனதும் இறக்க வேண்டும். கப்பல் என்பது உருட்டிவிடும் ஒரு பந்து. எங்கள் வீட்டுத் துறைமுகத்தில் போக்குவரத்து அதிகம், பதினைந்து கப்பலுக்குக் குறைவதில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தும் குனிந்தும் சோம்பிப்போன புட்டத் தசைகளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

அடுத்தது சரக்கு ஏற்றுதல். துணிப் பொம்மைகள் இருபதைக் கூடத்தின் ஒரு மூலையில் குவித்துவிடுங்கள். எதிர்மூலையில் இருக்கும் சோபாதான் லாரி. நீங்கள் கூலியாள், மகன் முதலாளி. ஒரு நடைக்கு ஒரே மூட்டை. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்கி எடுத்து, தலைக்குமேல் தூக்கிக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். நீங்கள் ஏற்ற ஏற்ற முதலாளியும் அவர் தங்கையும் மறுபக்கம் இறக்கிக்கொண்டே இருப்பார்கள். வேலை முடியவே முடியாது. அந்த அநியாயம்தான் அவர்களுக்குப் பிடிக்கும். உங்களுக்கு இருபது, முப்பது பஸ்கி கணக்கில் சேர்ந்துவிடும்.

கரடி நடை, நண்டு நடை, தவளைப் பாய்ச்சல் எல்லாம் நீங்களே அறிந்தவை. ஒரு காகிதப் பெட்டியின் ஆறு பக்கத்திலும் ஆறு விலங்குகளை வரைந்து உருட்டச் சொல்லுங்கள், மேலே வரும் விலங்கின் நடையை நடக்க வேண்டும். கைகளையும் பாதங்களையும் ஊன்றி, முழங்கால் தரையில் படாமல் கரடியாகக் கூடத்தை இரண்டு சுற்று சுற்றி வந்து பாருங்கள். கரடிகள் ஏன் சிடுசிடுப்பாக இருக்கின்றன என்று புரியும்.

ஓடியவள் என்றீர்களே, அதற்கு வருகிறேன். 1930களில் ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் யோஸ்டா ஹோல்மேர் ஓட்டக்காரர்களுக்காக ஃபார்ட்லெக் என்ற முறையை வகுத்தார். வேக விளையாட்டு என்பது அந்தச் சொல்லின் பொருள். கொஞ்சம் வேகமாக ஓடு, கொஞ்சம் தளர்த்து, மறுபடி ஓடு. கடிகாரப்படி அல்ல, தோன்றியபடி. நாலரை வயதுப் பிள்ளையோடு தெருவில் போய்ப் பாருங்கள், அவன் பிறவி ஃபார்ட்லெக்காரன். "அந்த மஞ்சள் கதவு வரைக்கும்!" என்று பாய்வான், நாய்க்குட்டியைப் பார்த்து நிற்பான், மறுபடி பாய்வான். நாம் என்ன செய்கிறோம்? "ஓடாதே, நேராக நட" என்கிறோம். வண்டி வராத இடமாகப் பார்த்து, எங்கிருந்து எங்கே ஓடுவது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். பெடல் இல்லாமல் காலால் உந்தி ஓட்டும் சிறிய சைக்கிள் அவனிடம் இருந்தால் இன்னும் நல்லது. கூடவே ஓடுவதற்குள் உங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அவனுடைய இந்தத் துண்டு துண்டான வேகம் குறும்பு அல்ல, அவன் வயதின் இயல்பு. 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் அசைவுகளை விநாடிக் கணக்கில் கவனித்த ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. அவர்களுடைய வேகமான அசைவுகளில் பாதி 3 விநாடிக்குள் முடிந்திருந்தன. இப்படிப்பட்ட உடம்பைப் பிடித்து நிறுத்திப் பத்து நிமிடம் ஒரே பயிற்சியைச் செய்யச் சொல்கின்றன அந்தக் காணொளிகள். உங்கள் மகன் மண் அள்ளும் இயந்திரத்தைக் கேட்டதில் என்ன தவறு?

துண்டு துண்டாகச் செய்தால் நமக்குப் பயன் உண்டா என்று கேட்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் வேலை. அதைத் துண்டாகவும் சேர்க்கலாம். மிதமா, கடினமா என்று அறியக் கருவி வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடினம். பிள்ளைகளோடு விளையாடும்போது வாய் சும்மா இருக்காது என்பதால் இதைச் சோதிப்பதும் எளிது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அவர்கள் சலிக்கும் வரை ஆடாதீர்கள். "இன்னொரு தடவை" என்று கேட்கும்போதே நிறுத்திவிட்டால் நாளைக்கு அவர்களே வந்து உங்களை எழுப்புவார்கள். ஐந்து மணிக்கு எழுப்பினால் என்னைத் திட்டாதீர்கள்.

---

தசைநார்

நான் இயன்முறை மருத்துவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா. மேலே ஐயா சொன்னதை முழுக்க ஆதரிக்கிறேன். ஆனால் ஆட்ட உற்சாகத்தில் நடக்கும் விபத்துகள் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும், அதிலும் முதலாவது என் கையாலேயே நடந்தது.

மகனுக்கு இரண்டு வயது இருக்கும்போது, இரண்டு கையையும் பிடித்து ராட்டினம்போல் சுற்றினேன். கிறீச்சிட்டுச் சிரித்தான். இறக்கிவிட்டதும் ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டான், அசைக்க மறுத்தான். முழங்கை எலும்பு அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநார் வளையத்திலிருந்து லேசாக நழுவியிருந்தது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு அந்தத் தசைநார் தளர்வாக இருப்பதால், கையைப் பிடித்து இழுப்பது, தூக்குவது, சுற்றுவது எல்லாமே ஆபத்து. மருத்துவர் ஒரே திருப்பில் சரிசெய்துவிட்டார், பத்து நிமிடத்தில் அவன் விளையாடப் போய்விட்டான். பாடம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்தான் அன்று முழுக்க அழுதேன். தூக்குவதானாலும் சுற்றுவதானாலும் அக்குளுக்கு அடியில், மார்பைச் சேர்த்துப் பிடியுங்கள். நழுவியதாகச் சந்தேகம் வந்தால் வீட்டில் நீங்களே திருப்பிப் பார்க்காதீர்கள்.

பூங்காவில் சறுக்குமரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது பாதுகாப்பு என்று நினைப்போம். அது தலைகீழ். குழந்தையின் கால் ஓரத்தில் சிக்கினால், நம் எடையும் சேர்ந்து தள்ளுவதால் நிற்க முடியாது, கீழ்க்கால் எலும்பு முறிந்துவிடுகிறது. தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் சிக்கினால் அது அங்கேயே நின்றுவிடும். தனியாகச் சறுக்க முடியாத வயது என்றால் அந்தச் சறுக்குமரம் அவளுக்கு இன்னும் வேண்டாம்.

டிராம்போலினில், அதாவது துள்ளிக் குதிக்கும் மீள்விரிப்பில், பெரியவரும் குழந்தையும் சேர்ந்து குதிப்பதும் அப்படித்தான். அடிபடுவது பெரும்பாலும் எடை குறைந்தவரே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வீட்டு டிராம்போலினே வேண்டாம் என்கிறது. பலூன் தட்டி விளையாடினால், வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். 20 மாதக் குழந்தை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

இனி உங்களுக்கு. இதை யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் நான் கேட்கிறேன். குதிக்கும்போது, தும்மும்போது சிறுநீர் கசிகிறதா? பாலமாக நிற்கும்போது வயிற்றின் நடுக்கோடு கூரை முகடுபோல் புடைக்கிறதா? பிரசவத்துக்குப் பிறகு 20 மாதம் ஆனாலும் பலருக்கு இவை இருக்கும். இருந்தால் தவளைப் பாய்ச்சலையும் முழுப் பாலத்தையும் தள்ளிவைத்துவிட்டு, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். முழங்காலை ஊன்றிய பாலமும் தூக்குப்பாலமும் பெரும்பாலும் பொருந்தும். ஒருமுறை நேரில் யாரிடமாவது காட்டிக்கொள்வது நல்லது. கசிவு பரவலாக இருக்கிறது என்பதற்காக அதைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

---

ஒற்றை ஆள்

எல்லாரும் ஒத்துப் பாடுவதால் நான் கொஞ்சம் மாற்றிப் பாடுகிறேன்.

பிள்ளைகளோடு ஆடுங்கள், நல்லது. ஆனால் இதை வைத்து 5 கிலோமீட்டர் ஓட்டம் திரும்பி வராது. மூன்று ஆண்டுகள் "பிள்ளைகளோடே செய்கிறேன்" என்று என்னையே ஏமாற்றிக்கொண்டவன் நான். பாதி ஆட்டத்தில் ஒருவன் சிறுநீர் கழிக்கப் போவான், இன்னொருவன் அடித்துவிட்டான் என்று வருவான். சீராக மூச்சு வாங்கிய நேரம் என்று எதுவும் இருக்கவில்லை. கடைசியில் நானும் மனைவியும் பேசி, ஆளுக்கு வாரத்தில் இரண்டு தடவை நாற்பது நிமிடம் தனியாக என்று எழுதி ஒட்டினோம். அந்த நேரத்தில் வீடு தீப்பற்றினாலொழிய மற்றவர் கூப்பிடக் கூடாது.

"அதுவே பயிற்சிதான்" என்று சொன்ன கணவரிடம் முதல் நாற்பது நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். பாலம் கட்டும் வேலையையும் அவருக்கே கொடுங்கள்.

---

ஓய்வுபெற்ற விசில்

ஒற்றை ஆள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நீண்ட ஓட்டத்துக்குத் தனி நேரம் வேண்டும், மறுப்பில்லை. மற்ற பாதியை ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம், தனி நேரம் கிடைக்கும் வரை எதையும் தொடங்காமல் இருந்து 40 வயதாகிவிட்ட பலரை நான் பார்த்திருக்கிறேன்.

பண்டைய கிரேக்க மல்லன் மைலோவைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கினானாம், அது காளையான பிறகும் தூக்கினானாம். கதைதான். ஆனால் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டு என்ற பயிற்சி விதியைச் சொல்ல நான் வகுப்பில் அதைத்தான் சொல்வேன். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை குழந்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கிலோ எடை கூடுகிறது. தானாக எடை ஏறும் கருவி வீட்டிலேயே இருக்கிறது. உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடந்துவிட்டுப் பேசுவோம்.

---

அரைத்தூக்கம்

எல்லாருக்கும் நன்றி. தசைநார் அவர்களுக்குத் தனியாக நன்றி. ஆம், கசிகிறது. இரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை, இங்கே முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். அடுத்த வாரம் காட்டுவதற்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஐயாவிடம் ஒரு சந்தேகம். சின்னவளுக்கு விதி எதுவும் புரிவதில்லை. படகாகப் போ என்றால் பாதி ஆற்றில் படுத்துத் தூங்குவதுபோல் நடிக்கிறாள். என்ன செய்வது?

---

ஓய்வுபெற்ற விசில்

படகு ரிப்பேர். பாலம் அதுவரை காத்திருக்க வேண்டும். உங்களுக்குக் கூடுதலாக இருபது விநாடி.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த வயதில் விதி கிடையாது, இருப்பதெல்லாம் திரும்பச் செய்வதும் பார்த்துச் செய்வதும்தான். அவள் எதைச் செய்கிறாளோ அதையே விதியாக மாற்றிவிடுங்கள். 1 முதல் 4 வயது வரை நாளுக்கு 180 நிமிடமாவது அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. 3 வயதுக்கு மேல் அதில் 60 நிமிடம் சுறுசுறுப்பானதாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு எந்த வேகமாக இருந்தாலும் போதும். படகு உருண்டாலும் கணக்குதான்.

---

அரைத்தூக்கம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பாலம் பெரிய வெற்றி. முழங்காலை ஊன்றிய பாலம்தான், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாலத்தின் பெயரை மகன் தினமும் மாற்றுகிறான். இன்று "அழுகிற பாலம்", ஏனென்றால் என் நெற்றி வியர்வை தரையில் சொட்டியது. தூக்குப்பாலத்தில் கப்பல் பந்திலிருந்து ஒற்றைச் செருப்புக்கு மாறிவிட்டது. படகு வழக்கம்போல் ரிப்பேர்.

சரக்கு ஏற்றுதல் மூன்றாம் நாளே படுத்துவிட்டது. தன் பொம்மைகளை லாரியில் ஏற்றச் சின்னவள் சம்மதிக்கவில்லை, ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். துவைத்த துணிக்கு மாற்றினோம், துணிக்கூடைதான் இப்போது லாரி. மடிப்பது கெட்டுப்போகிறது, பரவாயில்லை. கரடி நடை எனக்குத்தான் ஒத்துவரவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது. அதற்குப் பதிலாக மாலையில் தெருவில் நிழல் மிதித்து விளையாடுகிறோம். என் நிழலை அவன் மிதிக்கக் கூடாது, அவன் நிழலை நான் மிதிக்கக் கூடாது. பொழுது சாயச் சாய நிழல் நீண்டுகொண்டே போவதால் தப்பிக்க இன்னும் அதிகமாக ஓட வேண்டியிருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மகன் கண்டுபிடித்தது.

ஒற்றை ஆள் சொன்னபடி கணவரிடம் நாற்பது நிமிடம் கேட்டேன். புதனும் சனியும் கிடைத்தது. முதல் புதன் நான் திரும்பி வந்தபோது கூடத்தில் குப்புறக் கிடந்தார். மேலே மூன்று வண்டிகள், ஒரு செருப்பு. "இது எத்தனை நிமிடம் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அதுவே பயிற்சிதான் என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

ஐந்து கிலோமீட்டர் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. புதன்கிழமைகளில் மெதுவாக ஓடுவதும் நடப்பதுமாக இரண்டரை கிலோமீட்டர் போகிறேன். நேற்று மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். மேலே நின்று பையைத் துழாவினேன். இந்தத் தடவை நடிப்பு இல்லை, சாவியை உண்மையாகவே காணவில்லை. காலையில் லாரியில் ஏற்றிவிட்டதாக மகன் சொல்கிறான். அந்த லாரி எந்தத் துணிக்கூடை என்பது முதலாளிக்கு நினைவில்லையாம்.